குலுங்கும் ஜீப்பில் ஆன்டெனா கனெக்டர் நிலைக்க என்ன செய்ய வேண்டும்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது கேன்வாஸ் கூரை போட்ட பழைய மஹிந்திரா தார் ஜீப். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் வாங்கி, இரண்டு மீட்டர் அலைநீளப் பேண்டில் பேசும் 25 வாட் வண்டி ரேடியோ (மொபைல் செட்) ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். ஆன்டெனா பானெட் ஓரத்தில் ஒரு இரும்புப் பட்டையில் நிற்கிறது. கேபிளையும் கனெக்டரையும் உள்ளூர் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துப் போட்டு வாங்கினாராம். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை நாலுவழிச் சாலையில் போனால் எந்தத் தொந்தரவும் இல்லை. அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் பக்கம் மண்பாதையில் இறங்கினால், ஒவ்வொரு குழிக்கும் குரல் வெட்டுகிறது, எஸ்டபிள்யூஆர் மீட்டரின் (அனுப்பும் பவரில் எவ்வளவு ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டுவது, 1-க்கு அருகில் இருந்தால் நல்லது) முள் ஆடுகிறது. கனெக்டரை மாற்றிப் பார்த்தும் அதே கதை. லெட் (சால்டர்) வைத்துப் பற்றவைப்பது நல்லதா, கிரிம்ப் பண்ணுவது, அதாவது டூலால் நசுக்கிப் பிடிக்கவைப்பது நல்லதா, கேபிளையே மாற்ற வேண்டுமா என்பது கேள்வி.

கிரிம்ப் பண்ணுங்கள், கேபிளையும் மாற்றுங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதை மட்டும் செய்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடியும் இதே கேள்வியோடு வருவீர்கள். வீட்டு மாடியில் இருக்கும் ஆன்டெனாவில் கனெக்டருக்கு மின்சார வேலை மட்டும்தான். ஜீப்பில் அதே கனெக்டர் கேபிளின் எடையையும் ஆட்டத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. அந்தச் சுமை கனெக்டருக்குப் போகாதபடி கேபிளை முதலில் பிடித்துக் கட்ட வேண்டும். கட்டியிருந்தால் சுமாரான கனெக்டரும் வருடக்கணக்கில் நிற்கும். கட்டாவிட்டால் வெள்ளி முலாம் பூசிய அசல் சரக்கும் நிற்காது.

எதையும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. செட்டின் பின்பக்கம் மாட்டியிருக்கும் பிஎல்-259 கனெக்டரின் மரை வளையத்தைக் கையால் திருகிப் பாருங்கள். சும்மா சுற்றுகிறதா? அப்படியானால் கோளாறு அங்கேயே இருக்கலாம். இந்த வகைக் கனெக்டரில் நடு ஊசிக்குத் தனி வழி இருக்கிறது. கேபிளின் வெளிப்பின்னலான ஷீல்டுக்கு அப்படி உறுதியான தனி வழி கிடையாது. மரை வளையம் இறுகி, கனெக்டரின் உடம்பை சாக்கெட்டின் விளிம்போடு அழுத்தும்போதுதான் ஷீல்டு இணைப்பு ஒழுங்காகக் கிடைக்கிறது. வளையம் கால் சுற்று தளர்ந்தாலும் குழியில் விழும்போது இணைப்பு விட்டு விட்டு வரும். பிஎல்-259-இன் முகப்பில் இருக்கும் சின்னப் பற்கள் சாக்கெட் விளிம்பிலுள்ள வெட்டுகளில் உட்கார வேண்டும். உட்காராமல் மேலே ஏறி நின்றபடி இறுக்கியிருந்தால், கொஞ்ச தூரம் வண்டி ஓடியதும் பல் தானாக இறங்கி வளையம் தளர்ந்துவிடும். ஆகவே இறுக்கும்போது கேபிளை இடமும் வலமும் லேசாக ஆட்டி, பல் உள்ளே இறங்கியதா என்று பார்த்து இறுக்குங்கள். கையால் முழுக்க இறுக்கிவிட்டு, ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றிக் குறடால் இன்னும் ஒரு துளி. அதற்கு மேல் போனால் சாக்கெட்டையே செட்டிலிருந்து பிடுங்கிவிடுவீர்கள்.

வளையம் இறுக்கமாகத்தான் இருந்தது என்றால் அடுத்த சந்தேகம் கேபிள் மேல். டிவி மெக்கானிக் போட்டுக் கொடுத்தார் என்றதுமே எனக்கு அந்தக் கேபிள் மேல் ஒரு கண். அவர் வேலை தெரியாதவர் என்று சொல்லவில்லை. அவர் கடையில் இருக்கும் கேபிள் டிவிக்கு ஆனது, பெரும்பாலும் ஆர்ஜி-6. அது 75 ஓம். நம் செட்டும் ஆன்டெனாவும் 50 ஓம். அந்த வித்தியாசத்தால் மட்டும் செட் எரிந்துவிடாது, எஸ்டபிள்யூஆர் 1.5 பக்கம் போகும், அவ்வளவுதான். பெரிய சிக்கல் வேறு இரண்டு. டிவி கேபிளின் நடுக்கம்பி ஒற்றைக் கம்பி, பல சமயம் செம்பு பூசிய எஃகு. குலுங்கக் குலுங்க அது ஒரே இடத்தில் வளைந்து வளைந்து முறியும். அதன் ஷீல்டு பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தில் நாம் வைக்கும் லெட் ஒட்டவே ஒட்டாது. மேலே உருண்டையாக நின்று பற்றியதுபோலக் காட்டும், உள்ளே வெறும் தொடுகை மட்டும் இருக்கும். சமதளத்தில் வேலை செய்து குழியில் வெட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டியதில்லை. கேபிளின் மேல்தோலில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஆர்ஜி-6 அல்லது ஆர்ஜி-59 என்று இருந்தால் கனெக்டர் பற்றிய யோசனையை விட்டுவிட்டுக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

வண்டிக்கு ஆர்ஜி-58 போதும். அதிலும் சி/யூ அல்லது ஏ/யூ என்று முடிவது வேண்டும், அவற்றில்தான் நடுக்கம்பி பல இழைகளாக வரும். வெறும் ஆர்ஜி-58/யூ என்று வருவதில் ஒற்றைக் கம்பி இருக்கும், அது மேஜைக்கும் மாடிக்கும் சரி, ஜீப்புக்கு வேண்டாம். வாங்கும்போது கடைக்காரரிடம் சொல்லி ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள். வெளிப்பின்னல் நெருக்கமாக, அடியிலுள்ள வெள்ளை இன்சுலேஷன் அநேகமாகத் தெரியாதபடி இருக்க வேண்டும். மலிவு சரக்கில் பின்னல் வலைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதில் எந்தக் கனெக்டரும் பிடிக்காது, கிரிம்ப் பண்ணினால் இழுத்ததும் கையோடு வரும்.

சிக்னல் இழப்பை நினைத்து விரல் தடிமனில் இருக்கும் ஆர்ஜி-213-ஐ வாங்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபல் விழுங்கும், கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வண்டியில் ஓடப்போவது நாலு மீட்டர். அதில் 0.8 டெசிபல் போகும், 25 வாட்டில் 21 வாட் அளவுக்கு ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். எதிரில் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 10 மி.மீ. தடிமன் கேபிளோ வளையாது, கதவு ஓரத்தில் நுழையாது, தன் எடையாலேயே கனெக்டரை ஆட்டிக்கொண்டிருக்கும். இழப்பு கொஞ்சம் குறையத்தான் வேண்டும் என்றால் 6 மி.மீ. தடிமனில் ஆர்ஜி-8எக்ஸ் இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது நுரை இன்சுலேஷன். சூட்டிலும் அழுத்தத்திலும் சீக்கிரம் அமுங்கும், அதனால் பற்றவைக்கும்போதும் கட்டும்போதும் கூடுதல் கவனம் வேண்டும்.

இப்போது கனெக்டர். சந்தையில் கிடைக்கும் பிஎல்-259-இல் மூன்று வகை. ஒன்று, கேபிளைச் சீவிச் செருகித் திருகினால் முடிந்தது என்று விற்கும் வகை. சால்டரிங்கும் வேண்டாம், டூலும் வேண்டாம் என்பார்கள். வண்டியில் அதைப் போடாதீர்கள், அவ்வளவுதான். இரண்டாவது, தடித்த கேபிளுக்கான உடம்பும் மெல்லிய கேபிளுக்காகத் துளையைச் சிறிதாக்கும் ரிடியூசரும் சேர்ந்து வருவது, லெட் வைத்துப் பற்றவைப்பது. மூன்றாவது, அந்தந்தக் கேபிளுக்கென்றே செய்த கிரிம்ப் வகை. இதை வாங்குங்கள்.

எந்த வகையானாலும் நடு ஊசியைச் சுற்றியுள்ள இன்சுலேஷன் டெஃப்லானாக இருக்கட்டும். பால் வெள்ளையாக, நகம் பட்டால் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். மலிவான கனெக்டரில் சாதாரண பிளாஸ்டிக் போட்டிருப்பார்கள். சால்டரிங் அயர்ன் பட்டதும் அது இளகி ஊசி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்த ஊசியை சாக்கெட்டுக்குள் திணித்தால் செட்டின் சாக்கெட்டும் சேர்ந்து கெடும். ஒசூரில் இருப்பவர்களுக்கு பெங்களூருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு பக்கம்தான், அங்கே போனால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். இணையத்தில் வாங்கினால் டெஃப்லானா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கிரிம்ப் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பல இழைக் கம்பியில் லெட் வைக்கும்போது உருகிய லெட் இழைகளுக்கு நடுவே புகுந்து கொஞ்ச தூரம் மேலே ஏறும். ஏறிய தூரம் வரைக்கும் கம்பி விறைத்துப் போகும், அதற்கு அப்பால் மறுபடி நெளியும். விறைப்பும் நெளிவும் சந்திக்கும் அந்த இடத்தில்தான் ஆட்டமெல்லாம் சேர்ந்து இழைகள் ஒவ்வொன்றாக முறியும். ஷீல்டு பின்னலிலும் இதே கதை. கிரிம்பில் பின்னலை ஒரு குழாயின் மேல் படர்த்தி, மேலே ஒரு ஸ்லீவைத் தள்ளி, அறுகோணமாக நசுக்குகிறோம். சூடு கிடையாது, விறைப்பு கிடையாது. ஸ்லீவ் பின்னலைச் சுற்றிலும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்கிறது. தொழிற்சாலையில் வண்டிக்கென்று செய்யும் ஆன்டெனா கேபிள்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கிரிம்ப்தான்.

ஆனால் இதற்கு ஒரு கட்டாயம் உண்டு. சரியான அளவு அச்சு இருக்கும் ராட்செட் கிரிம்பிங் டூல் வேண்டும். ஆர்ஜி-58-க்கு அறுகோண அச்சு 5.4 மி.மீ., அங்குலக் கணக்கில் 0.213. ஆர்ஜி-8எக்ஸுக்கு 6.5 மி.மீ., அதாவது 0.255. டூலின் தாடையில் இந்த எண் பொறித்திருக்கும். வயர் லக் நசுக்கும் எலெக்ட்ரீஷியன் டூலையோ கட்டிங் பிளேயரையோ வைத்து ஸ்லீவை நெரித்தால் இரண்டு பக்கம் தட்டையாகும், மற்ற இரண்டு பக்கம் பிதுங்கி நிற்கும், பின்னல் அங்கே தளர்வாகவே இருக்கும். டூல் வாங்க மனமில்லை என்றால் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். தினமும் எடுக்கும் சாமான் இல்லையே.

வேலையைத் தொடங்கும்போது முதலில் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) துண்டு, அப்புறம் மரை வளையம் தனியாக வரும் கனெக்டர் என்றால் அது, அப்புறம் கிரிம்ப் ஸ்லீவ், இந்த வரிசையில் கேபிளில் கோர்த்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு வளையம் மேஜை மேல் கிடப்பதைப் பார்ப்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் நேர்வது. கேபிளின் மறுமுனையில் ஏற்கெனவே கனெக்டர் இருந்தால் திரும்பக் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

சீவும் அளவுகள் கனெக்டருக்குக் கனெக்டர் மாறும், அதோடு வரும் படத்தில் இருப்பதையே பின்பற்றுங்கள். மேல்தோலைச் சீவும்போது பிளேடைச் சுற்றிலும் லேசாக ஓட்டி, வளைத்தால் பிளந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் கீறுங்கள். பின்னலில் நாலு இழை வெட்டுப்பட்டாலும் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பது மேல். நடுக்கம்பியின் இழைகளுக்கும் இதே சட்டம். பின்னலைப் பூப்போல விரித்து, வெள்ளை இன்சுலேஷனோடு நடுக்கம்பியைக் கனெக்டரின் குழாய்க்குள் தள்ளுங்கள். குழாய் பின்னலுக்கு அடியில் போக வேண்டும். ஒரே ஒரு இழை தவறி உள்ளே போய் நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். பிறகு பின்னலைக் குழாயின் மேல் சீராகத் தடவிப் படியவிட்டு, ஸ்லீவை மேலே தள்ளி, கனெக்டரின் உடம்போடு ஒட்டியிருக்கும்படி பிடித்து ஒரே அமுக்கு. ராட்செட் தானாக விடும்வரை அமுக்க வேண்டும். பிஎல்-259-இன் ஊசி உள்ளே துளையுள்ள குழல், நடுக்கம்பி அதன் நுனி வரை வரும். அங்கே மட்டும் நுனியில் ஒரு பொட்டு லெட் வைக்கலாம், பாதகமில்லை. அந்த இடம் ஆடுவதில்லை, விறைப்பு ஏறினாலும் ஊசிக்குள்ளேயே நின்றுவிடும். லெட் வெளியே வழிந்து ஊசி தடித்துவிட்டால் அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள்.

கிரிம்ப் டூல் கிடைக்கவே இல்லை, ரிடியூசர் வகைதான் கையில் இருக்கிறது என்றால் அதையும் ஒழுங்காகச் செய்யலாம். ஆர்ஜி-58-க்கான ரிடியூசர் யூஜி-175, ஆர்ஜி-8எக்ஸுக்கு யூஜி-176. துளை அளவு வேறு, மாற்றிப் போட்டால் பிடிக்காது. மரை வளையத்தையும் ரிடியூசரையும் கோர்த்துவிட்டு மேல்தோலை 19 மி.மீ. சீவுங்கள். பின்னலை விரித்து, ரிடியூசரை மேல்தோலின் விளிம்புக்குக் கொண்டுவந்து, பின்னலை அதன் மேல் பின்னோக்கி மடித்து 10 மி.மீ. விட்டு மிச்சத்தை நறுக்குங்கள். மரையின் மேல் இழை ஏறக் கூடாது. நடுக்கம்பியில் 16 மி.மீ. இன்சுலேஷனை எடுத்து லேசாக லெட் பூசி, உடம்பை ரிடியூசரின் மேல் திருகுங்கள். உடம்பில் இருக்கும் நாலு துளை வழியாகப் பின்னல் தெரியும். அந்தத் துளைகளில்தான் பற்றவைக்க வேண்டும்.

பலரும் வழுக்குவது இங்கேதான். டிவி, ரேடியோ போர்டுக்குப் பயன்படுத்தும் 25 வாட் அயர்ன் இதற்குப் போதாது. கனெக்டரின் பித்தளை உடம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், லெட் உருகுவதற்குள் ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் உள்ளேயிருக்கும் பாலித்தீன் இன்சுலேஷன் இளகி, நடுக்கம்பி நகர்ந்து பின்னலைத் தொட்டுவிடும். 60/40 லெட் உருக 190 டிகிரி வரை வேண்டும், பாலித்தீனோ 110 டிகிரி சுற்றிலேயே இளக ஆரம்பித்துவிடும். ஆகவே பெரிய அயர்ன், அகலமான முனை, குறைந்த நேரம். 80 அல்லது 100 வாட் அயர்னை நன்றாகக் காயவைத்து, ஒரு துளைக்குச் சில விநாடி வைத்து, லெட் உள்ளே இறங்கியதும் எடுத்துவிட்டு, ஆறவிட்டு, அடுத்த துளைக்குப் போங்கள். நிக்கல் முலாம் பூசிய உடம்பில் லெட் சரியாக ஒட்டாது. துளையின் ஓரங்களை முன்னாலேயே சின்ன வட்ட அரத்தால் பித்தளை மஞ்சள் தெரியும்வரை ராவிவிடுங்கள். பேஸ்ட் போடுவதாக இருந்தால் எலெக்ட்ரானிக்ஸுக்கான ரோசின் பேஸ்ட் மட்டும். ரேடியேட்டர், தகரம் ஒட்டுபவர்கள் வைக்கும் அமிலம் நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் மிச்சம் பின்னலுக்குள் போய் ஆறு மாதத்தில் பச்சை பூக்க வைக்கும்.

எந்த வழியில் போட்டாலும் ஹீட் ஷ்ரிங்கை ஸ்லீவும் மேல்தோலும் சேரும் இடத்தின் மேல் தள்ளிச் சுருக்குங்கள். உள்ளே பசை தடவியது என்று கேட்டு வாங்கினால் தண்ணீருக்கும் தடை, ஆட்டத்துக்கும் கொஞ்சம் தாங்கல். பிறகு கேபிளைக் கட்டுவது. கனெக்டரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வண்டியின் உடம்போடு கேபிளுக்கு ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். ரப்பர் வைத்த பி-கிளிப்பை ஒரு போல்ட்டில் மாட்டுவது உத்தமம். கேபிள் டை போட்டால் கேபிளை நெரிக்கும் அளவுக்கு இழுக்காதீர்கள். பிடிப்புக்கும் கனெக்டருக்கும் நடுவில் கேபிள் லேசாகத் தொங்கட்டும், முறுக்கிக் கட்டிவிட்டால் செட் ஆடும்போது இழுவை நேராகக் கனெக்டருக்குப் போகும். செட்டின் பின்னால் இடமில்லை என்று எல் வடிவ அடாப்டர் போடுகிறார்கள். அதை நான் போடுவதில்லை. தளர்வதற்கு ஒரு மரை அதிகமாகிறது, அதன் உள்ளே ஊசி வெறும் ஸ்பிரிங் தொடுகையில் நிற்கும் சரக்கும் உண்டு. அதற்குப் பதில் செட்டையே இரண்டு அங்குலம் முன்னால் தள்ளிப் பொருத்துங்கள். ஆர்ஜி-58-ஐ ஐந்து செ.மீ. ஆரத்துக்கும் குறைவாக மடக்காமல் இருப்பது நல்லது.

இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டுத் துளையில் ரப்பர் புஷ் கட்டாயம். வெறும் தகடு கேபிளின் தோலை அறுத்துப் பின்னலைத் தொடும், அப்புறம் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கதவின் ஓரமாகக் கேபிளை விட்டு ஒவ்வொரு முறையும் நசுக்குவதும் அப்படித்தான். சைலன்சருக்கும் டர்போவுக்கும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஆல்டர்னேட்டர் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

ஆன்டெனா பக்கத்து முனையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கேன்வாஸ் கூரை வண்டியில் ஆன்டெனாவுக்குத் தேவையான உலோகத் தளம் பானெட்டும் மட்கார்டும்தான். ஆன்டெனா நிற்கும் பட்டை பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தால் ஷீல்டுக்கு வண்டியின் உடம்போடு தொடர்பே இருக்காது, அல்லது ஒரு போல்ட்டின் மரை வழியாக அரைகுறையாக இருக்கும். பட்டை உட்காரும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து உலோகத்தைக் காட்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், துருப்பிடிக்காது. பட்டை பானெட்டிலேயே மாட்டியிருந்தால் இன்னொரு வேலை. பானெட் கீல் வழியாகத்தான் உடம்போடு சேர்கிறது. கீலில் கிரீஸும் புழுதியும் இருக்கும், குலுங்கும்போது தொடர்பு விட்டு விட்டு வரும். உங்கள் மீட்டர் முள் ஆடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தட்டையான செம்புப் பின்னல் பட்டை ஒன்றைப் பானெட்டிலிருந்து பாடிக்குப் போல்ட் போட்டு இணைத்துவிடுங்கள். 2020-க்குப் பிறகு வந்த மூன்று கதவுத் தாரின் கெட்டிக் கூரை பிளாஸ்டிக் இனம், அதன் மேல் காந்த ஆன்டெனா ஒட்டவும் செய்யாது, தளமாகவும் உதவாது. கூர்க்கா, ஜிம்னி வைத்திருப்பவர்களுக்குத் தகரக் கூரை இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

தண்ணீரும் புழுதியும். நம் பக்கத்துச் செம்மண் புழுதி எதற்குள்ளும் போகும், கிரானைட் குவாரிப் பாதைகளில் அதைவிட நைசான தூள். அஞ்செட்டிப் பக்கம் தொட்டல்லா ஆற்றில் தண்ணீர் ஓடும்போது இறங்கினால் பம்பர், பானெட் ஓரக் கனெக்டர் முழுக்க நனையும். பிஎல்-259 தண்ணீர் புகாத கனெக்டர் இல்லை. உள்ளே போன தண்ணீர் பின்னலின் இழைகளுக்கு நடுவே திரிபோல ஏறி ஒரு மீட்டர் தூரம்கூடக் கறுப்பாக்கிவிடும், அப்புறம் முனையை மட்டும் வெட்டிப் பயனில்லை. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துக்கொண்டே, கீழிருந்து மேலாக, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றுங்கள். ஓடு வேய்வதுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் வர வேண்டும், தண்ணீர் வழிந்து போய்விடும். அதற்கு மேல் சாதாரண பிவிசி டேப் ஒரு சுற்று, வெயில் தாங்குவதற்கு. கழற்ற நினைப்பவர்கள் ரப்பர் டேப்புக்கு அடியிலும் ஒரு சுற்று பிவிசி டேப்பைப் போட்டுக்கொண்டால் பிறகு கத்தியால் கீறி ஒரே உரிப்பில் எடுக்கலாம். புளிப்பு வாடை அடிக்கும் கண்ணாடி சிலிக்கானைப் பூசவே பூசாதீர்கள், காயும்போது அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் வண்டிக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சோதனையை வரிசையாகச் செய்யுங்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேபிளை மட்டும் மல்ட்டிமீட்டரில் பாருங்கள். இரு முனைகளின் நடு ஊசிகளுக்கு இடையே தொடர்பு வேண்டும், இரு முனைகளின் உடம்புகளுக்கு இடையேயும் தொடர்பு வேண்டும், நடுவுக்கும் உடம்புக்கும் தொடர்பு கூடாது. ஆன்டெனாவோடு சேர்த்து அளந்தால் ஷார்ட் காட்டலாம், பயப்படாதீர்கள். பல மொபைல் ஆன்டெனாக்களின் அடியில் ஒரு சுருள் நடுவையும் தரையையும் இணைத்திருக்கும். அளக்கும்போது ஒருவர் கனெக்டர் பக்கம் கேபிளை நெளித்துக்கொண்டே இருக்கட்டும். மீட்டரின் பீப் சத்தம் விட்டு விட்டு வந்தால் அந்த முனையை வெட்டுங்கள்.

மல்ட்டிமீட்டரில் தேறிய கேபிளுக்கு அடுத்த பரீட்சை டம்மி லோடு, அதாவது ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர். கேபிளின் ஆன்டெனா முனையில் 50 ஓம் டம்மி லோடை மாட்டிக் குறைந்த பவரில் அமுக்கினால் எஸ்டபிள்யூஆர் 1.1, 1.2 என்று நிற்க வேண்டும். கேபிளை ஆட்டினாலும் கனெக்டரைத் தட்டினாலும் அசையக் கூடாது. அசையவில்லை என்றால் கனெக்டர் வேலை முடிந்தது, இனி கோளாறு ஆன்டெனாவிலோ அதன் தரைத் தொடர்பிலோதான். இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டுத்தான் நிறையப் பேர் நல்ல ஆன்டெனாவின் நீளத்தை வெட்டி வெட்டிக் கெடுக்கிறார்கள். பிறகு ஆன்டெனாவை மாட்டி, பானெட்டை மூடி, வண்டியைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி அளந்து பாருங்கள். 1.5-க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், 1.5-ஐ 1.1 ஆக்க மெனக்கெடுவது வீண். 3-ஐத் தாண்டினால் பேச வேண்டாம், செட்டின் அவுட்புட் டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. பேசும்போது ஆன்டெனாவையும் பட்டையையும் யாரும் தொட வேண்டாம், 25 வாட்டில் விரல் சுடும்.

கேபிள் 18 அடிதான் இருக்க வேண்டும், குறைத்தால் எஸ்டபிள்யூஆர் கெடும் என்று ஒரு பேச்சு சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோக்காரர்களிடமிருந்து வந்து இங்கேயும் சுற்றுகிறது. ஆன்டெனாவும் அதன் தரைத் தளமும் ஒழுங்காக இருந்தால் 50 ஓம் கேபிளின் நீளத்துக்கும் எஸ்டபிள்யூஆருக்கும் சம்பந்தமில்லை. வெட்டி நீளம் மாறியதும் அளவு மாறுகிறதென்றால் தரைத் தொடர்பைத்தான் பார்க்க வேண்டும். தேவையான நீளத்துக்கு ஓர் அடி கூடுதலாக விட்டு வெட்டுங்கள், அடுத்த முறை முனை சீவ உதவும்.

கூட வரும் நண்பர்கள் வண்டியிலும் இதே மாதிரி ஒன்று பொருத்தித் தரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூர் பேண்ட், தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் மட்டுமே பேசலாம். லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு 27 மெகாஹெர்ட்ஸ் சிபி பேண்ட் இருக்கிறது, 5 வாட்டுக்குள் லைசென்ஸ் வேண்டியதில்லை. கனெக்டரும் கேபிளும் மேலே சொன்னவையே. கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு நீளம்) மட்டும் இரண்டு மீட்டர் பேண்டுக்கு அரை மீட்டர் என்றால் இங்கே ஏறக்குறைய 2.75 மீட்டர் ஆகிவிடும், அதனால் சுருள் வைத்துக் குட்டையாக்கிய ஆன்டெனாவைத்தான் வாங்க வேண்டியிருக்கும். அப்புறம், அஞ்செட்டிக்கு அப்பால் பெரும்பகுதி வன உயிரினச் சரணாலயக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் பாதையை விட்டு இறங்காதீர்கள், கையில் லைசென்ஸ் நகலும் இருக்கட்டும். சோதனைச் சாவடியில் செட்டைப் பார்த்ததும் கேட்பார்கள்.

இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டுச் சோதித்த கேபிள் ஒன்றைச் சுருட்டி டூல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் கேபிள் அறுந்தால் அங்கே சால்டரிங் அயர்ன் காய வைக்க முடியாது. சன்னல் வழியாக இதை ஓட்டி, டேப் ஒட்டி, வீடு வரை பேசிக்கொண்டே வந்துவிடலாம். பழைய கேபிளில் இருந்து கழற்றிய கிரிம்ப் கனெக்டரை மறுபடி பயன்படுத்தாதீர்கள், ஸ்லீவ் ஒருமுறைக்குத்தான். லெட் வைத்த வகையை லெட்டை உருக்கி எடுத்து, டெஃப்லான் கெடாமல் இருந்தால் வீட்டுச் செட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.